காயிலைக் குற்றம் சொல்லும் முன்

சிங்கப்பூரின் சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளிலிருந்து சுங்கை காடுட் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், கார் பட்டறைகளில் அன்றாடம் காதில் விழும் புகார் ஒன்று உண்டு: வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை, டேஷ்போர்டில் இஞ்சின் விளக்கு சிமிட்டுகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் பி0302 என்று வரும். இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதற்கு மேல் அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அதைப் பார்த்த வேகத்திலேயே “காயில் போச்சுண்ணே” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. பட்டறைகளில் நின்று கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: காயில்தான் குற்றவாளி என்று நிரூபிக்கும் வேலைக்கே மெக்கானிக்குக் கூலி தர வேண்டும்; கழற்றி மாட்டுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்டாக ஏற்றி ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி பாயச் செய்வது காயிலின் வேலை. இன்றைய வண்டிகளில் சிலிண்டருக்கு ஒன்றாக, பிளக்கின் தலைமீதே அது உட்கார்ந்திருக்கிறது. இஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் வருடக்கணக்கில் கிடந்து உள்ளே மின்காப்பு வெடித்துவிட்டால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பைத் தேடும். குளிர்ந்திருக்கும்போது அந்த வெடிப்பு பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. காலையில் நன்றாக ஓடிய வண்டி, சூடான பிறகு விரைவுச்சாலை ஏற்றத்தில் முக்குவதற்கு இதுவே காரணம். சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறி பாய அதிக வோல்ட் தேவைப்படுகிறது. ஆகவே மேசைமேல் வைத்து மல்ட்டிமீட்டரில் ஓம் பார்ப்பது பாதிச் சாட்சியம்தான். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் வரும் நான்கு முனைக் காயிலில் சுவிட்ச் சர்க்யூட்டும் உள்ளேயே இருப்பதால், அங்கே அந்தப் பாதியும் கிடைப்பதில்லை.

அனுபவமுள்ள கை செய்வது வேறு. கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு சூட்டில் காய்ந்து மொறுமொறுத்திருக்கும். அதை உடைக்காமல் அழுத்தி எடுப்பதே ஒரு வித்தை. 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றி, பிளக்கோடு ஒட்டியிருக்கும் ரப்பர் உறையை விடுவிக்கக் காயிலை ஒருமுறை திருகிவிட்டு மேலே இழுக்கிறார்கள். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்: பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கருங்கோடு இருந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. நுனியில் ஆயில் பிசுபிசுத்தால் வால்வ் கவர் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் ஆயிலில்தான் ஊறும். பிறகு இரண்டாம் சிலிண்டர் காயிலை நான்காவதற்கும், நான்காவதை இரண்டாவதற்கும் மாற்றி மாட்டி, ஸ்கேனரில் பழைய எண்ணை அழித்துவிட்டு, வண்டியை நன்றாகச் சூடேற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். பி0304 வந்தால் பழுது காயிலோடு இடம் மாறியிருக்கிறது. அதற்குமேல் விவாதம் இல்லை. பி0302 அப்படியே நின்றால் பிளக், ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடல் தொடர்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு வெள்ளிகூடப் பொருள் செலவு கிடையாது.

கம்ப்யூட்டர் சொல்லாததையா மனிதன் சொல்லிவிடப் போகிறான் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேனர் இல்லாமல் எந்தச் சிலிண்டர் என்று தேடுவதிலேயே நேரம் போயிருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே புகைக்குழாய்க்குப் போவதால், சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது; கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் ஊற்றச் சொல்கிறது. அந்தப் ‘பெட்ரோல் குறைவு’ எண்ணை நம்பிப் போனால் எரிபொருள் பம்ப்வரை கழற்ற நேரிடும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. சிங்கப்பூரில் ஆள் கூலி அதிகம், சோதிக்கும் நேரத்தில் நான்கு காயிலையும் மாற்றிவிடலாமே என்கிறார்கள். குறுக்கே வைத்த வி6 இஞ்சினில் பின்வரிசைக் காயிலை எட்ட இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அங்கே நான் வாதாடமாட்டேன், திறந்தது திறந்தாயிற்று, மொத்தமாக மாற்றுவதே லாபம். நான்கும் மேலேயே வரிசையாக இருக்கும் சாதாரண நாலு சிலிண்டர் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளி காயிலைக் கொன்றிருந்தால், புதிய நான்கும் அதே கதிக்குத்தான் போகும். ரசீதில் காயிலுக்கு விலை இருக்கிறது, கண்டுபிடித்த நேரத்துக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. வாடிக்கையாளரும் பொருளுக்குத் தயங்காமல் கொடுத்துவிட்டு, ‘செக்கிங்’ என்று தனியாகப் போட்டால் முகம் சுளிக்கிறார். பட்டறை பொருளை விற்றுப் பிழைப்பதில் அப்புறம் என்ன வியப்பு?

மின்சார வண்டி வந்தால் இந்த வித்தையே எதற்கு என்பதும் அவசரப் பேச்சு. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வகையில் ஹைபிரிட்டும் சேர்த்தி, ஹைபிரிட்டின் பெட்ரோல் இஞ்சினிலும் காயில் உண்டு. பழைய கார்களோ சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழின் கணக்கில் ஓடுகின்றன. பத்தாண்டு முடிந்ததும் ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம்; பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. அதனால் நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே சிஓஇ எவ்வளவு மிச்சம் என்று கேட்டுவிடுகிறார். எட்டு மாதம் மட்டும் ஓட வேண்டிய வண்டிக்குச் செத்த காயில் ஒன்றை மாற்றினால் போதும். புதுப்பிக்கப் போகிறவரிடம் நாலு பிளக், வால்வ் கவர் கேஸ்கட், உடைந்த கனெக்டர் நாக்குவரை பேச வேண்டியிருக்கிறது.