மேலிருந்து வரும் நிழல்

கினி பிக் வளர்ப்பைப் பற்றிக் கைக்குக் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. கூண்டுக்கு மேல் கம்பளி போர்த்துங்கள், தண்ணீர்ப் புட்டி உறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவை சொல்லும். மதுரைக்குப் பக்கத்தில், சித்திரையில் 40 டிகிரி தொடும் கொல்லையில் உட்கார்ந்து படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்த கையோடு அதே புத்தகத்துப் படத்தைப் பார்த்து முதல் கூண்டைச் செய்தேன். மழைக்கு ஆகட்டும் என்று தகரக் கூரை போட்டேன்.

அந்தக் கத்திரியில் ஒரு மதியம், இரண்டு கினி பிக்குகளில் ஒன்று பக்கவாட்டில் சரிந்து, வாயோரம் எச்சில் ஒழுகக் கிடந்தது. ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். பிழைக்கவில்லை. காலை எட்டு மணிக்குப் பார்த்தபோது கூண்டின் மேல் வேப்பமரத்து நிழல் அடர்த்தியாக விழுந்திருந்தது. இரண்டு மணிக்கு அந்த நிழல் மதிலைத் தாண்டிப் போயிருந்தது. கூண்டு வைக்குமுன் ஒரு நாள் முழுக்க அந்த இடத்தில் நிழல் எங்கெங்கே நகர்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது ஒரு வேளை மட்டும்.

ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் பழக்கிய பிராணி இது. பெருவில் ‘குய்’ என்று பெயர். அங்கே அடுப்படியில் வளர்ப்பார்கள், கறிக்காக. அந்தக் குளிருக்கு அமைந்த உடம்பு வியர்க்காது. 27, 28 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். அப்படியானால் நம் ஊரில் வெளியே வளர்ப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பங்குனி பாதியிலிருந்து ஆனி வரை காலை ஒன்பதுக்கு மேல் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். வெயில் தணிந்த பிறகுதான் மறுபடி கொல்லை. இதற்கு நேரமில்லாதவர்கள் வெளியே வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இப்போது கூரை கீற்று. கீற்றுக்கும் கூண்டின் மேல்பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இறங்கும் சூடு அங்கேயே காற்றோடு போய்விடும். மேற்குப் பக்கம் பலகை, மற்ற மூன்று பக்கமும் வலை. ஐப்பசி மழைக்கு மட்டும் வடகிழக்கில் படுதா இறங்கும், ஏனென்றால் ஈரமும் ஊதற்காற்றும் இவற்றுக்குச் சீக்கிரம் சளி பிடிக்க வைக்கும். நனைத்த சாக்கைத் தொங்கவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். காற்று ஓடும் நாளில் அது நல்ல வேலை செய்யும். காற்று செத்த நாளில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

இரண்டாவது கூண்டைச் செய்துகொடுத்த ஆசாரி, அடியிலும் வலையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

“புழுக்கை தானா கீழ விழுந்துரும் சார். முயலுக்கு எல்லாரும் அப்படித்தான போடுறாங்க?”

“இது முயல் இல்லண்ணே. பாதம் ரொம்ப மெலிசு, கம்பி அறுத்துப் புண்ணாயிரும்.”

அரைமனதோடு பலகை அடித்தார். அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் அவர் பட்டறையிலிருந்தே வாங்கிய இழைப்புச் சீவல். மரத்தூள் ஆகாது, மூக்கில் ஏறும். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம்; இரண்டு கினி பிக்குக்கு இதற்குக் குறைந்தால் கஷ்டம். உயரம் பெரிதில்லை, இவை ஏறுகிற ஜாதி இல்லை. முயலையும் சேர்த்து விடலாமா என்று அவரே கேட்டார். கூடாது, முயல் ஓர் உதை விட்டால் இதற்கு இடுப்பு போய்விடும்.

கோழிவலையை நம்பாதீர்கள். நாய் பல்லால் பிய்த்துவிடும். அரை அங்குல வெல்டட் மெஷ் போட்டால் பெரிய பாம்பும் பெருச்சாளியும் நுழைய முடியாது. மேயவிடும் அடைப்புக்கு, கீரி தோண்டாதபடி வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கியிருக்கிறேன். ஆனால் என்னை மிகவும் அலைக்கழித்தது எறும்பு. ‘ரெண்டுமே பெட்டை’ என்று சொல்லிக் கடையில் கொடுத்த ஜோடியில் ஒன்று கடுவன். ஒரு விடியற்காலை, உடம்பெல்லாம் மயிரோடும் திறந்த கண்ணோடும் மூன்று குட்டிகள் கிடந்தன. ஈரம் காயுமுன் எறும்புச் சாரி வந்துவிட்டது. பாட்டி வீட்டு உணவலமாரி நினைவுக்கு வந்தது. அதைப் போலவே கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுப் பண்ணை வைத்த பெயர் நமக்கு வரும்.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்கப் புல். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய வேண்டும். நம்மைப் போலவே இவற்றுக்கும் வைட்டமின் சி உடம்பில் தானாக ஊறாது. எனவே தினமும் கொஞ்சம் குடைமிளகாய், கொத்தமல்லி, அவ்வப்போது ஒரு துண்டு கொய்யா.

புதிதாக வந்தவற்றைப் பழக்கும் விதத்தில்தான் நான் அதிகம் தவறு செய்திருக்கிறேன். வந்த அன்றே மேலிருந்து கையை விட்டு அள்ளுவேன். வானத்திலிருந்து விழும் எந்த நிழலும் இவற்றுக்குப் பருந்துதான். வெயிலுக்கு நிழல் தேடும் பிராணி, நிழலைக் கண்டே உறைந்துபோகும். இப்போது முதல் மூன்று நாள் கையே விடுவதில்லை. தீனியை வைத்துவிட்டு முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கூண்டுக்குள் அடி உடைந்த மண்பானைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் வாய் இருப்பதால், ஒன்று நுழைந்து மிரட்டினால் மற்றது மறுபக்கம் ஓடிவிடும். ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வராது என்று முன்பு பானைகளை எடுத்துவிட்டிருந்தேன். அப்போது மூலையில் ஒடுங்கி, பகலெல்லாம் அசையாமல் இருந்தன. பானை வந்த இரண்டாம் நாளே நடுக்கூண்டில் துள்ளிக் குதித்தன.

பத்து நாளில் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் பழகிவிடும். தாழைத் தொட்டதும் ‘வீக், வீக்’ என்று தெருவுக்கே கேட்கும் கூப்பாடு. அது கேட்காத காலைதான் எனக்குப் பயம். நோயை மறைக்கிற பிராணி இது. தீனிக்குக் கூவவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பென்சிலின் வகை மருந்து இவற்றின் குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும் என்பதால், நாய்க்கு வாங்கி மீந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

இந்த வருஷக் கீற்றில் தெற்கு ஓரம் கறையான் ஏறியிருக்கிறது. மாசி முடிவதற்குள் மாற்றச் சொல்லியிருக்கிறேன். மாற்றும் அன்று ஆட்கள் கூண்டுக்கு மேல் நின்று வேலை செய்வார்கள். பானைகளோடு சேர்த்து கினி பிக்குகளையும் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.