உம்மாவின் தோளுக்கு ஒரு சால்வை



மார்கழிப் பனியில் தஹஜ்ஜுதுக்கு எழும் முதியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், இதனைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் உம்மாவுக்குக் குரோஷா ஊசியால் ஒரு சால்வை பின்னினேன். தடித்த உல்லன் நூல், நெருக்கமான பின்னல், விளிம்பெங்கும் பூவேலை என மூன்று மாத உழைப்பு அது. மதரஸாவில் சக ஆசிரியைகள் புகழ்ந்தபோது என் உள்ளம் பூரித்ததை மறைப்பதற்கில்லை. நான் செல்லும் போதெல்லாம் உம்மா அதனைப் போர்த்தியே இருந்தார்கள்.

ஒருநாள் தங்கை மகள் வெள்ளை மனத்தோடு உடைத்துவிட்டாள்: "பெரியம்மா, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சாத்தான் உம்மம்மா அதை எடுப்பாங்க. தோள் வலிக்குதாம்."

அன்றே அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முக்கால் கிலோ! எண்பதை நெருங்கும் தோளில் இத்தனை பாரத்தை ஏற்றிவிட்டு, நான் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டிருந்தேன். உம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

இரண்டாம் சால்வைக்கு மெல்லிய பருத்தி நூல் 150 கிராமும் 4 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கினேன். நூல் மெலிது, ஊசி பெரிது. பாரம் குறையும் சூட்சுமம் இதுவே. கண்ணிகள் நெகிழ்ந்து நிற்கும். நம் ஊர்க் குளிருக்கு அது போதும்.

இதற்கு முன் ஊசி பிடித்திராதவரும் பின்னலாம். 80 சங்கிலிகளைத் தளர்வாகப் போடுங்கள். பிறகு, ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிச் சங்கிலிக்குள் நுழைத்து நூலை இழுத்தால் மூன்று வளையங்கள் நிற்கும். நூலைக் கொக்கியில் மாட்டி, இரண்டிரண்டு வளையங்களாக இருமுறை இழுத்து விடுங்கள். என் மாணவிகளிடம் இதனைத் 'தூண்' என்றே சொல்லி வைத்திருக்கின்றேன். முதல் தூண், ஊசியிலிருந்து ஆறாவது சங்கிலியில். பின்னர் ஒரு சங்கிலி போட்டு, கீழே ஒன்றை விட்டு அடுத்ததில் ஒரு தூண். இவ்வாறே முடிவுவரை சென்றால் 38 சன்னல்கள் கிடைக்கும்.

திருப்பியதும் 4 சங்கிலிகள். அவை முதல் தூணாகவும் அடுத்த இடைவெளியாகவும் அமையும். ஆகவே அடுத்த தூணை, கீழுள்ள இரண்டாவது தூணின் தலைமீது எழுப்புங்கள். தூணுக்கு மேல் தூண், சன்னலுக்கு மேல் சன்னல். கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. ஐந்தடி நீளம் வரும்வரை இது ஒன்றே.

புதியவர்கள் தவறுவது வரிசையின் கடைசிச் சன்னலில்தான். இறுதித் தூண், முந்தைய வரிசையின் தொடக்கத்தில் போட்ட நான்கு சங்கிலிகளில் மூன்றாவதன்மீது நிற்க வேண்டும். அதனை விட்டுவிட்டால் வரிசைக்கு ஒரு சன்னல் குறைந்து, சால்வை முக்கோணமாகிவிடும். என் மாணவி ஒருத்தி இருபது வரிசைகளைப் பிரித்தாள், அழவும் செய்தாள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 38 எண்ணிவிடுங்கள்.

முடிந்தபின் நீரில் நனைத்துப் பிழிந்து, பாயில் விரித்து நான்கு மூலைகளையும் இழுத்து நிழலில் உலர்த்துங்கள். அப்போதுதான் சன்னல்கள் திறந்து, பின்னல் சீராக விழும்.

மார்க்கம் சார்ந்த ஒரு குறிப்பு: இது துளைகள் உள்ள பின்னல், தொழுகையில் மேனியை மறைப்பதற்கு இது மட்டும் போதாது. மக்கனாவின் மேல் கதகதப்புக்காகப் போர்த்துவதே இதன் பயன்.

பூவேலை வைக்க என் கை மிகவும் துடித்தது. வைக்கவில்லை. உம்மாவிடம் கொடுத்தபோது உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார்கள். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா!" என்று சிரித்தார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது முன்னறிவிப்பின்றிச் சென்றாலும் அது அவர்கள் தோளில்தான் இருக்கிறது. பழைய சால்வை, உம்மா அமர்ந்து தொழும் நாற்காலியில் நான்காக மடிந்து கிடக்கிறது.