சீலோவாம் கோபுரமும் நெய்வேலி பாய்லரும்

இயேசு காலத்து எருசலேமில் ஒரு கட்டட விபத்து. சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் செத்துப்போனார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்பதாலா இவர்கள் மேல் விழுந்தது என்று இயேசுவே கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். கையோடு, கேட்டுக்கொண்டு நின்றவர்களை மனம் திரும்பச் சொல்கிறார். செத்தவனின் கணக்கை விடு, உன் கணக்கைப் பார் என்பதுபோல. பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்காத பகுதி இது.

2020 ஜூலை 1 அன்று எங்கள் ஊர் நெய்வேலியின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து 6 பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயத்தோடு கொண்டுபோனவர்களிலும் சிலர் பிறகு இறந்தார்கள். அதே நிலையத்தில் மே 7ஆம் தேதிதான் ஒரு பாய்லர் விபத்து நடந்திருந்தது. ஊரடங்கு காலம், துக்கம் விசாரிப்பதும் போனில்தான். இறந்த ஒருவரின் குடும்பத்தைப் பற்றி, "அந்தக் குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்குண்ணே" என்றார் ஒருவர். நல்ல மனிதர், ஞாயிறு ஆராதனை தவறாதவர்.

எல்லாம் சாத்தான் வேலை என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. சாத்தானை நான் மறுக்கவில்லை. ஆனால் பாய்லர் வெடித்தால் விசாரணைக் குழு வேண்டும். பராமரிப்பு எப்போது நடந்தது, யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள், அந்த நேரம் அங்கே ஆட்கள் ஏன் நின்றார்கள்? சாத்தான் தலையில் கட்டிவிட்டால் இதையெல்லாம் கேட்க ஆளிருக்காது.

தீமையை ஒரு தனிச் சக்தியாகப் பார்த்தவர்தான் அகுஸ்தினாரும்; இளமையில் ஒன்பது வருஷம் மானி என்பவரின் கூட்டத்தில் இருந்தவர். ஒளியும் இருளும் ஆதியிலிருந்தே மோதும் இரண்டு சக்திகள் என்பது அவர்கள் கொள்கை. அதைவிட்டு வெளியே வந்தபின், தீமை என்று தனியாக ஒரு பொருளே இல்லை, நன்மை குறைந்துபோன நிலைதான் அது என்றார். கடவுள் தீமையைப் படைக்கவில்லை என்று காட்ட இதைவிட நுட்பமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தீக்காய வார்டில் கிடப்பவனிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இருட்டையும் தீமையோடு சேர்த்துப் பேசியே பழகிவிட்டோம். ஆதியாகமத்தில் வெளிச்சத்துக்கு முன்பே இருள் இருக்கிறது. கடவுள் அதை அழிக்கவில்லை. பிரித்து, இரவு என்று பேர் வைக்கிறார். நைட் ஷிப்ட் பார்த்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். (கறுப்பு நிலக்கரியிலிருந்து வெளிச்சம் பிறக்கிறது என்று இங்கே வரும் பிரசங்கிகள் தவறாமல் சொல்வார்கள். எங்கள் கரி பழுப்பு நிறம்.)

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி எங்கள் கடலூர்க் கரையையும் அடித்தது, வேளாங்கண்ணியையும் அடித்தது. பண்டிகைக்கு வந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். ஏராளமான பேரைக் கடல் கொண்டுபோனது. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, மாதாவின் அற்புதம் என்றார்கள். கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அதே மாதாவைத் தேடித்தானே வந்தாள்? 1755இல் லிஸ்பனில் பூமி அதிர்ந்ததும் சகல பரிசுத்தவான்கள் திருநாளன்றுதான். அங்கே பூசை நேரத்தில் ஆலயங்களே இடிந்து விழுந்தன. கோயில் நின்றதை வைத்தோ விழுந்ததை வைத்தோ யார் பாவி என்று சொல்ல முடியாது.

யோபுவின் கதையில் பரலோகத்தில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு முதல் இரண்டு அதிகாரங்களிலேயே வாசிக்கிற நமக்குத் தெரிந்துவிடுகிறது. யோபுவுக்கோ கடைசிவரை யாரும் சொல்வதில்லை. ஏன் எனக்கு என்று அவன் கத்துகிறான், கடவுளோடு வழக்காடுகிறான். நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள்: நீ ஏதோ செய்திருப்பாய். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் மூள்வது கத்தினவன் மேல் அல்ல, இவர்கள் மேல்.