மெக்லமோர் தெரு வாத்தியக்காரர்கள்

ஓட்டிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்ததைப் பற்றிய செய்திக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். பாடகருக்கு ஒரு பக்கம்; அவரோடு மாண்ட வாத்தியக்காரர்களுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. மெம்பிஸில் வேலை பார்க்கும் நண்பர், கிளப்புகளில் காலமெல்லாம் பேஸ் கிட்டார் வாசித்த ஒரு பெரியவரை அறிமுகம் செய்துவைத்தார். மூவருமாகக் கிழக்கு மெக்லமோர் தெருவுக்குப் போனோம்.

1960-இல் இங்கிருந்த பழைய சினிமா கொட்டகை ஒன்றை, பின்னாளில் ஸ்டாக்ஸ் என்று பெயர் பெற்ற இசைத்தட்டு நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடமாக்கியது. நாற்காலிகளை எடுத்தார்கள், சரிந்த தரையை அப்படியே விட்டார்கள். 1989-இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 2003-இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் வந்தது. கூடத்தையும் சரிவோடு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒலிப்பதிவு இயந்திரங்களை நண்பர் விளக்கிக்கொண்டே வந்தார்; எனக்கு அதில் மனம் செல்லவில்லை.

நான் தேடி வந்தது, ரெடிங்குக்குப் பின்னணி வாசித்த பார்-கேஸ் குழுவை. அதில் பெரும்பாலோர் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். டிரம்ஸ் வாசித்த கார்ல் கன்னிங்ஹாம், ஸ்டாக்ஸுக்குப் பக்கத்து முடிதிருத்தும் கடையில் ஷூ பாலிஷ் போட்டவர். ஸ்டாக்ஸின் ஆஸ்தான டிரம்ஸ் கலைஞர் ஆல் ஜாக்சன் ஜூனியர் அவர்களைத் தேற்றிவிட்டார். 1967-இல் வந்த ‘சோல் ஃபிங்கர்’ அமெரிக்க பாப் பட்டியலில் 17-ஆம் இடம்வரை ஏறியது. அதில் கேட்கும் சிறுவர் கூச்சல் இந்தத் தெருப் பிள்ளைகளுடையது. அதற்குக் கூலி கோக்கோ கோலா.

பெரியவர் தன் வீட்டு வராந்தாவில் பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தந்திகள்மேல் லேசாகப் பதித்து, விரலால் மீட்டினார். ஒலி நீளாமல் சட்டென்று அடங்கியது. நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் விழும் ஸ்னேர் அடி, மயிரிழை பிந்தி வந்து அந்த இடைவெளியில் உட்கார வேண்டுமாம். 1965-இல் வில்சன் பிக்கெட்டின் பாட்டுக்காக ஜாக்சன் அந்தக் கொட்டகையில் கைக்கொண்ட வழக்கம் அது. “பிந்தணும், ஆனா தொய்யக் கூடாது” என்று சொல்லிவிட்டு, காலால் தட்டி மறுபடி வாசித்தார். இப்போது எனக்கும் அந்த இடம் கேட்டது.

1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்து மோனோனா ஏரியில் ரெடிங்கின் விமானம் விழுந்தது. குழுவில் மாண்டவர்கள் ஜிம்மி கிங், ரானி கால்ட்வெல், ஃபேலன் ஜோன்ஸ், கன்னிங்ஹாம். நால்வரில் ஒருவருக்கும் இருபது வயது நிறையவில்லை. டிரம்பெட் வாசித்த பென் காலி இருக்கை மெத்தையைப் பற்றிக்கொண்டு மிதந்து பிழைத்தார். பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டருக்கு அந்தச் சின்ன விமானத்தில் இடமில்லை. பயணிகள் விமானத்தில் போனார். அதனால்தான் உயிர் தப்பினார். இந்த இருவரும் குழுவைத் திரும்பக் கட்டினார்கள். 1969-இல் ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்ட் சோல்’ ஆல்பத்தில் கேட்பது புதிய பார்-கேஸின் கை.

ஆனால் இத்தனை உழைப்பின் பலன் யாருக்குப் போனது? 1965-இல் அட்லாண்டிக் நிறுவனத்தோடு போட்ட விநியோக ஒப்பந்தத்தை ஸ்டாக்ஸ் முதலாளி ஜிம் ஸ்டீவர்ட் வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டார். அட்லாண்டிக் விநியோகித்த பதிவுகளின் மூல நாடாக்கள் அட்லாண்டிக்கின் சொத்து என்று அதில் இருந்தது. 1968-இல் உறவு முறிந்தபோது, அந்தச் சரிந்த தரையில் நின்று வாசித்து அட்லாண்டிக் வழியாக வெளிவந்ததெல்லாம் வேறொருவர் பெட்டகத்துக்குப் போயிற்று, ‘சோல் ஃபிங்கர்’ உட்பட. வாசித்தவன் ஒருவன், பாடியவன் ஒருவன். சரக்கைக் கடைக்கு அனுப்பியவன் உடைமைக்காரன். இதற்கு வியாபாரம் என்று பெயர் சொன்னால் என் மனம் ஒப்பாது. நாடாவைக் கொண்டு போகலாம் என்றால், அதை நிரப்பிய கைகளுக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டல்லவா கொண்டு போக வேண்டும்?

1975 டிசம்பரில் ஸ்டாக்ஸே திவாலானது. பார்-கேஸ் மெம்பிஸை விட்டு நகரவில்லை. 1976-இல் மெர்க்குரி நிறுவனத்தில் சேர்ந்து, ஃபங்க் இசையில் மறுபடி பெயர் வாங்கியது. லாரி டாட்சன் பல பத்தாண்டுகள் முன்னின்று பாடினார். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அலெக்சாண்டர் மாறவில்லை. தன் மகனுக்கு ஃபேலன் என்று பெயரிட்டார். ஏரியில் போன சாக்ஸபோன்காரரின் பெயர் அது.

பேச்சுக்கிடையே, பேஸ் கற்கும் பக்கத்துத் தெருப் பையன் வந்தான். பெரியவர் கிட்டாரை அவனிடம் நீட்டுமுன், ஏதோ கிளப்காரர் கொடுத்ததாக அவன் சொல்லியிருந்த ஒப்பந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.