நியூயார்க்கில் ஒரு பழைய வீடு: கெர்ட்ரூட் விட்டுப்போனவை

சுதந்திர தேவி சிலை, எம்பயர் ஸ்டேட் கட்டடம், டைம்ஸ் சதுக்கம். மூன்றையும் பார்த்து, மூன்றின் முன்னாலும் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பியாகிவிட்டது. நாலாவது நாள் "கால் வலிக்குது, இன்னைக்கு விட்டுடு" என்று உட்கார்ந்துவிட்டேன். மகள் விடவில்லை. "கூட்டமே இருக்காதும்மா. ஒரு பழைய வீடு. அலமாரி, கட்டில், பாத்திரம்னு உனக்குப் பிடிச்ச சமாச்சாரம்தான்" என்று கிளப்பிக்கொண்டு போனாள். ஆறாம் எண் சுரங்க ரயிலில் பிளீக்கர் தெரு நிறுத்தம். அங்கிருந்து கொஞ்ச தூர நடை.

கிழக்கு நான்காவது தெரு, கதவு எண் 29. செங்கல் முகப்பு, வாசலுக்கு ஏற உயரமான படிகள். 1832-ல் ஜோசப் புரூஸ்டர் என்ற தொப்பி வியாபாரி கட்டிய வீடு. 1835-ல் சீபரி ட்ரெட்வெல் என்ற இரும்புச் சாமான் வியாபாரி இதை 18,000 டாலருக்கு வாங்கி, மனைவி எலைசாவுடனும் ஏழு பிள்ளைகளுடனும் குடிவந்தார். அப்போது நகரத்துப் பணக்காரர்கள் தேடி வந்து வீடு வாங்கிய பகுதி இது. எட்டாவது குழந்தை 1840-ல் இந்த வீட்டிலேயே பிறந்தது. பெண் குழந்தை. கெர்ட்ரூட் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கெர்ட்ரூட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் விரும்பிய டாக்டரை அப்பா மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் இல்லாத கதை. ஆனால் கேட்டவுடன் நம்பத் தோன்றுகிறது. நம் ஊரிலும் இப்படி எத்தனை கதைகள்! அப்பா 1865-ல் போனார். பிறகு அம்மா, அண்ணன்கள், அக்காக்கள் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். 1909-ல் அக்கா ஜூலியாவும் போன பிறகு, கெர்ட்ரூட் 24 ஆண்டுகள் இந்த வீட்டில் தனியாக இருந்தார். சுற்றிலும் இருந்த வசதியான குடும்பங்கள் எப்போதோ நகரின் வடக்குப் பக்கம் போய்விட்டன. தெருவில் பட்டறைகளும் கிடங்குகளும் வந்துவிட்டன. கையில் காசு குறைந்து, வீடு அடமானத்துக்குப் போனது. 1933-ல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், பிறந்த வீட்டிலேயே மாடி அறையில் கண்ணை மூடினார்.

வீடு கைமாறியிருக்க வேண்டியது. சாமான்கள் ஏலத்துக்குப் போயிருக்க வேண்டியவை. ஜார்ஜ் சாப்மன் என்ற தூரத்து உறவினர் வீட்டை வாங்கிக் காப்பாற்றினார். 1936-ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. இன்றைக்கு அதன் பெயர் மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் மியூசியம், வியாபாரி வீடு.

உள்ளே போனதும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே நம் இஷ்டத்துக்குச் சுற்றலாம். பழைய வீட்டு அருங்காட்சியகங்கள் பலவற்றில், கட்டடம் ஒருவருடையதாக இருக்கும், நாற்காலி வேறெங்கோ வாங்கியதாக இருக்கும், 'அந்தக் காலத்துப் பாணி' என்று ஒரு அட்டை தொங்கும். இங்கே அப்படியில்லை. நாற்காலி, விளக்கு, தையல் பெட்டி, குடை என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இந்தக் குடும்பம் புழங்கியவை. புத்தகத்தில் இந்த வரியைப் படித்த பிறகுதான் நான் கைப்பையை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

வரவேற்புக் கூடம் இரண்டு அறைகள் சேர்ந்தது. நடுவில் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும் மகோகனிக் கதவுகள். திறந்தால் ஒரே பெரிய கூடம். இரண்டு அறைகளுக்கும் ஒரே மாதிரி கரும்பளிங்குக் கணப்பு, கூரையில் சுண்ணச்சாந்துப் பூவேலை, ஒரே மாதிரி எரிவாயு சரவிளக்கு. மெழுகுவத்தியும் எண்ணெயும் எரிந்த வீட்டுக்கு எரிவாயு விளக்கு வந்தபோது, பெண்கள் இந்தக் கூடத்தில் எத்தனை தடவை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்! எங்கள் வீட்டுக்கு முதல் டியூப்லைட் வந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வளைந்த முதுகு கொண்ட மகோகனி நாற்காலிகள் பன்னிரண்டு. டங்கன் ஃபைஃப் என்பவரின் பட்டறையில் செய்தவையாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் காலத்து நியூயார்க்கில் அவர் பெயர் சொன்னால் போதும், அப்படிப்பட்ட தச்சர். ஒரு சதுர பியானோவும் இருக்கிறது. என் பேத்தி அதன் பக்கம் விரலை நீட்டியதும், எங்கிருந்தோ ஒரு தன்னார்வலர் அம்மாள் புன்னகையோடு முளைத்துவிட்டார். திட்டவில்லை. "கெர்ட்ரூட் கோபித்துக்கொள்வாள்" என்று மட்டும் சொன்னார். பேத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், மாடி ஏறும்வரை எடுக்கவில்லை.

ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தக் கூடத்தில் சவப்பெட்டி வைத்து, கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடி, 1865-ல் சீபரி இறந்த வீடு எப்படி இருந்திருக்குமோ அப்படி அமைக்கிறார்களாம். விசித்திரமான வழக்கம். ஆனால் துக்க வீட்டைக்கூட விடாமல் காட்டுகிறார்களே என்று பிடித்திருந்தது. வீடென்றால் கல்யாணக்கூடம் மட்டுமா?

மாடியில் கணவருக்கு ஓர் அறை, மனைவிக்கு ஓர் அறை. இரண்டிலும் திரைச்சீலை தொங்கும் நாலு கால் கட்டில். இந்தப் பெண்களின் உடுப்புகளில் 39 கவுன்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. 'மட்டுமே' என்று எழுதிவிட்டேன், ஆனால் நம் பாட்டியின் ஒரு புடவையாவது நம்மிடம் இருக்கிறதா? எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெளியே வைப்பதில்லை. வெளிச்சம் பட்டால் துணி நைந்துவிடும் என்பதால் மாற்றி மாற்றித்தான் காட்டுகிறார்கள்.

லிஃப்ட் கிடையாது. முட்டிவலிக்காரர்கள் கவனத்துக்கு. ஆனாலும் உச்சித்தளம்வரை ஏறிவிடுங்கள். அங்கேதான் பணிப்பெண்களின் அறை. பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெண்கள். ஒரே சமயத்தில் நாலு பேர்வரை இருந்திருக்கிறார்கள். சாய்ந்த கூரை, சின்னக் கட்டில். இங்கிருந்து கீழ்த்தளத்துச் சமையலறைக்கு விடியுமுன் இறங்கி, கரியும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறவேண்டும். கீழே சமையலறைப் பக்கம் வரிசையாக மணிகள் தொங்குகின்றன. மேலே எந்த அறையில் கயிற்றை இழுத்தாலும் இங்கே மணி அடிக்கும். கூடத்துச் சரவிளக்கைவிட இந்த மணிகளின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். எட்டுப் பிள்ளை பெற்ற வீட்டில் அவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடித்திருக்கும்?

சமையலறையில் இரும்பு அடுப்பு. பக்கத்தில் நின்ற மகள், "என்னம்மா, பேச்சே காணோம்?" என்றாள். சொன்னேன்.

அம்மா போனபிறகு, கும்பகோணம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டை விற்றோம். நகையைப் பங்கு போட மூன்று நாள் ஆயிற்று. பாத்திரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெந்நீர் அண்டா, தவலை, போகணி, இட்லிக் கொப்பரை எல்லாம் கூடத்தில் குவிந்து கிடந்தன. "பிளாட்ல எங்க வைக்கிறது? எடைக்குப் போட்டுடலாம்" என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? நான்தான். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் சொல்லவில்லை. கடைக்காரர் தராசில் வைக்கும்போது அண்டாவின் கழுத்தில் அம்மாவின் அப்பா பெயர் வெட்டியிருந்ததைப் பார்த்தேன். சீர் வரிசையில் வந்த அண்டா. பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

கெர்ட்ரூட் பெரிய லட்சியத்தோடு இதையெல்லாம் காத்தார் என்று சொல்ல மாட்டேன். போக வேறு இடம் இல்லாததாலோ, பிரிய மனம் வராததாலோ இருந்துவிட்டார். அதனால் சாமான் தங்கியது. சாமானோடு 'இது இன்னாருடையது' என்ற விவரமும் தங்கியது. அது போய்விட்டால் டங்கன் ஃபைஃப் நாற்காலிகூட ஒரு பழைய நாற்காலிதான்.

தங்கியதைக் காப்பதும் லேசாக இல்லை. 1965-ல் நியூயார்க் நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்த முதல் கட்டடங்களில் இதுவும் ஒன்று. உட்புறத்துக்கும் 1981-ல் தனியாக அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் பக்கத்து மனையில் எட்டு மாடி ஹோட்டல் கட்டும் திட்டம் பல ஆண்டுகளாக இந்த வீட்டைத் துரத்துகிறது. 2018-ல் நகர மன்றம் அதை நிராகரித்தது. அதன் பிறகும் புதிய வரைபடத்தோடு திட்டம் திரும்பி வந்தது. அஸ்திவாரம் தோண்டும் அதிர்ச்சியில் சுண்ணச்சாந்துப் பூவேலை விரிசல் விட்டுவிடுமோ என்பது அருங்காட்சியகத்தாரின் கவலை. கூடத்தில் அண்ணாந்து பார்க்கும்போது இது தெரியாது. தெரிந்த பிறகு மறுபடி ஒரு தடவை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி, ஊரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்துத் தம்பிக்குப் போன் செய்தேன். வீடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்டவனிடம், "அம்மா சாமான் ஏதாவது உங்கிட்ட இருக்காடா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்குக்கா. அன்னைக்கு உனக்குத் தெரியாம எடுத்து வச்சேன். அஞ்சறைப்பெட்டி, அருவாமணை, ரெண்டு மூணு சொம்பு. எது அம்மாது, எது பாட்டிதுன்னு எனக்குத் தெரியல. நீ வந்துதான் சொல்லணும்."

"நான் வர்றவரைக்கும் தேய்க்காதே, எதையும் பிரிக்காதே" என்றேன். கொஞ்சம் கட்டைப் பேனாவும் காகிதச் சீட்டும் வாங்கி வைக்கச் சொன்னேன். இருபதாம் தேதி டிக்கெட். சென்னையில் இறங்கியதும் நேரே கும்பகோணம்தான்.