பங்குனி மாதத்து மலைவழி

மலைநாட்டைக் காண வருவோர் பெரும்பாலும் சித்திரையில் வருகிறார்கள். நுவரெலியாவின் பூந்தோட்டங்களையும் குதிரைப் பந்தயத்தையும் பார்த்துக் களித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மலையின் மெய்யான முகத்தைக் காண விரும்புவோர் அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, கோடை முதிர்ந்து மண் மழைக்கு ஏங்கி நிற்கும் பங்குனிக் கடைசியில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இலங்கையில் மிக அதிகமாக மழை பொழியும் பிரதேசங்களுள் இதுவும் ஒன்று. வைகாசி பிறந்துவிட்டால் எதிரே வருபவர் முகம் தெரியாதபடி மூட்டம் கவிந்துவிடும். புல்லில் கால் வைத்தால் அட்டை. பங்குனியில் மட்டுமே அந்த அட்டைகள் எங்கோ போய் ஒளிந்துகொள்கின்றன. அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை, மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு அங்கே நடக்கச் சென்றேன். பாதையோரத்து மானாப்புல் காய்ந்து வைக்கோல் நிறம் கொண்டிருந்தது. நாயுண்ணிப் புதர்களில் கொண்டைக்குருவிகள் ஏதோ குடும்பச் சச்சரவில் ஈடுபட்டிருந்தன. சவுக்கு மரங்களின் நிழல் தேயிலைமீது கோடு கோடாக விழுந்து கிடந்தது.

அணைக்கட்டின் அருகே வந்ததும் மாணவர்கள் நின்றுவிட்டார்கள். நீர் வற்றி, கரையோரத்துச் செம்மண் படிப்படியாகத் தெரிந்தது. கெசெல்கமு ஓயாவின் நீர் மேலே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கவழியே வந்து, 1965இல் அமைந்த விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. பிறகு நோட்டன் அணையில் சற்றே இளைப்பாறி, 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான நிலையத்திற்கு இறங்கி மறுபடியும் உழைக்கிறது. ஒரே தண்ணீரிடம் இருமுறை வேலை வாங்கும் வித்தை! நம் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதிக் காட்டினார். நாடு அதைச் செய்து முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவர் 1953இல் காலமானார். லக்சபானவின் ஒளியை ஒரு மூன்றாண்டு காலமாவது கண்டார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

என் பிள்ளைப்பிராயம் இந்த மலைத்தொடரில் ஒரு தோட்டத்து லயத்திலே கழிந்தது. கொழும்புக்குச் செல்லும் மின்கம்பிகள் எங்கள் கூரைக்கு மேலாகவே சென்றன. காற்றில்லாத இரவுகளில் அவற்றின் ரீங்காரம் காதில் விழும். கீழே என் தாயார் குப்பி லாம்பை ஏற்றிவைப்பார். அதன் புகையில் நான் பாடம் படிப்பேன். இதைச் சொன்னபோது மாணவன் ஒருவன், "சேர், கம்பி தலைக்கு மேலேயே போயும் ஏன் லயத்துக்கு வரவில்லை?" என்று கேட்டான். இறங்கி வருவதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று, தம்பி, என்றேன்.

வளைவு ஒன்றைத் தாண்டியதும் கொழுந்து நிறுக்கும் இடம். கூடைகளை இறக்கிவிட்டுப் பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் மூத்தவரிடம் எவ்வளவு எடுத்தீர்கள் அம்மா என்று விசாரித்தேன்.

"பதினொரு கிலோ, சேர். விடிஞ்சதுல இருந்து இதே மலைதான். எங்க பார்த்தாலும் முத்தின இலை. பதினெட்டு வராட்டி அரைப்பேர்."

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. டிக்கோயா, டிம்புல்ல மேட்டு மலைகளில் தை தொடங்கிப் பங்குனி வரை வீசும் வறண்ட குளிர்காற்றே தேயிலைக்கு மணம் தருகிறது. செடி வாடி, கொழுந்து மெதுவாக வளரும்போதுதான் அதன் சாரம் செறிகிறது. ஐரோப்பாவில் திராட்சை பயிரிடுவோரும் தாகமறிந்த கொடியின் பழத்தையே மெச்சுகிறார்கள். ஆகவே சுவைஞர் போற்றும் பருவமும், கொழுந்தெடுக்கும் பெண் அரைப்பேரோடு வீடு திரும்பும் பருவமும் ஒன்றே! ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். அந்த அம்மாளின் அரைநாள் உழைப்பு இரண்டரைக் கிலோ தூள் கூடத் தேறாது. சந்தையில் விலை ஏறியதா என்பது அவர் காதுக்கு எட்டுவதில்லை. தராசின் முள்ளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மாணவி தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, எதிரே நின்ற மலைமுடிகளைச் சுட்டிக்காட்டினார். ஏழு கன்னி மலை அது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த ஒல்லாந்து விமானம் அங்கே மோதி, 191 பேரும் மாண்டனர். அப்போது அவர் சிறு பிள்ளையாம். "ஆளுங்க ராத்திரியோட தீப்பந்தம் எடுத்துக்கிட்டு ஏறினதா அப்பா சொல்லுவாரு, சேர். எந்த ஊரு சனமோ, என்ன பாஷையோ..." என்று நிறுத்திக்கொண்டார். நோட்டனில் அவர்களுக்காக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. திரும்பும் வழியில் மாணவர்களுக்குக் காட்டினேன். சற்று நேரம் நின்றோம்.

அதற்குள் ஏழு கன்னியில் ஐந்து மேகத்துக்குள் மறைந்துவிட்டன. கடைவாசலில் நின்ற பெரியவர், "இன்னைக்கு இறங்கிடும். பத்து நாள்ல பாருங்க, மலை பூராவும் கொழுந்து!" என்றார். குடை கொண்டுவராத நாங்கள் அட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.