இலை போட ஆளில்லை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை வாசமும் பழைய பாட்டும் அப்படியேதான் இருக்கின்றன. நான் தேடிப்போன வாழையிலைக் கடை மட்டும் மூடிக் கிடந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லாத கடை!

வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கைகள் நிறைய வேண்டும். சோறு போட ஒருவர், காய்கறி வைக்க ஒருவர், குழம்பு வாளியோடு ஒருவர், இலை எடுக்க, மங்கு கழுவ... 2023 மார்ச்சில் அந்நியத் தொழிலாளருக்கான புதிய கோட்டா நிறுத்தப்பட்டபின், ஊருக்குப் போனவருக்கு மாற்று ஆள் கிடைப்பது பெரும்பாடு. உள்ளூர்ப் பிள்ளைகளா? என் மகனே அடுப்படிப் பக்கம் வரமாட்டான். 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டான குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. நியாயமான உயர்வுதான், ஆனால் சாப்பாட்டுக்கு இரண்டு ரிங்கிட் கூட்டினால் முகம் சுளிப்பதும் நாம்தானே?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் முதலாளியே ரசம் ஊற்றினார். “ராத்திரி வியாபாரத்தை நிறுத்திட்டேன் தம்பி. சமையல்காரர் ஒருத்தர்தான், அவரும் தூங்கணுமே” என்றார்.